நியர் மிஸ்ஸுக்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலையிலிருந்து:
செவிலியர் மாணவிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்குள் கையில் வேண்டும். 'நியர் மிஸ்', அதாவது நடக்கப் பார்த்து, நோயாளியைத் தொடுமுன் பிடிபட்ட தவறு, அதற்குத் தமிழ்ச் சொல் மட்டும் பாக்கி. வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது. இன்சுலின் 4 யூனிட். சீட்டில் நாலுக்குப் பக்கத்தில் ஒட்டி எழுதிய ஆங்கில 'யூ' வாய்மூடிப் போய், 40 என்று தெரிகிறது. மாணவி சிரிஞ்ச் நிறைய இழுத்துவிட்டாள். இவ்வளவா என்று கூட நின்ற சிஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார், ஊசி போடவில்லை. இதற்குக் 'கிட்டத்தட்டத் தவறு' என்று எழுதினேன். பாதித் தவறா மிஸ் என்று கேட்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து:
'தப்பிய பிழை'. வேடிக்கை பாருங்கள்: தப்பு என்றால் தவறு, தப்புதல் என்றால் உயிர் தப்புவது. பிழை என்றால் தவறு, பிழைத்தல் என்றால் உயிரோடிருப்பது. இரண்டு சொல்லிலும் இரண்டும் உண்டு. ஒருசொல் பலபொருட்கு உரியதாவதைத் தொல்காப்பிய உரியியலே ஒப்புகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:
அண்ணாச்சி, எங்கள் பக்கம் சாவியைத் தப்பினேன் என்றால் தேடினேன். மலையாளத்திலும் அப்படித்தான். பிள்ளைகள் பிழையைத் தேடப் போய்விடுவார்கள்! பொச்சாவாமை அதிகாரத்தில் வள்ளுவர் 'முன்னுறக் காவாது இழுக்கியான்' என்கிறார், முன்கூட்டியே காக்காமல் தவறியவன் என்று. அதிலிருந்து 'காத்த இழுக்கு' எடுக்கலாமே. அதங்கோட்டுக்காரன் சொல்கிறேன், தொல்காப்பிய அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டு ஆசான் ஊர்ப் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

நாகர்கோவிலிலிருந்து:
ஆசானை இதில் இழுக்க வேண்டாம். இழுக்கு என்றால் இன்றைக்கு அவமானம். அவமானம் என்று தலைப்புப் போட்ட படிவத்தை எந்தப் பிள்ளை நிரப்பும்?

குளச்சலிலிருந்து:
இருபது வருஷமாக எங்கள் வார்டில் இதற்கு ஒரே சொல்தான்: தெய்வாதீனம்.

தக்கலையிலிருந்து:
தெய்வாதீனம் இல்லை அக்கா, சிஸ்டராதீனம்! தெய்வத்தின் கணக்கில் போட்டுவிட்டால் யாரும் எழுதித் தர மாட்டார்கள். எழுதித் தந்தால்தானே அடுத்த சீட்டிலாவது 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள் என்று டாக்டரிடம் போய் நிற்க முடியும். சரி, தனிமடலிலும் இரண்டு பேர் 'தப்பிய பிழை' என்றார்கள். அதையே போடுகிறேன், முதல் தடவை வருமிடத்தில் 'நியர் மிஸ்' என்றும் சேர்த்து. அச்சகத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
போடுங்கள். ஆனால் தப்பியது நோயாளி, பிழை எங்கே தப்பியது? அதுதான் சிரிஞ்சுக்குள் வந்துவிட்டதே. அடுத்த பதிப்புக்கு முன்னால் மறுபடி எழுதுவேன்.