கரோக்கி மாலையை நன்றாக நடத்துவதற்கு என்னென்ன வேண்டும்?

கேள்வி – தங்கச்சிமடத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், பகலில் வலை செப்பனிடுவதும் படகுக்கு வண்ணம் பூசுவதுமாக இருக்கும் ஊராருக்கு மாலைப்பொழுது ஓய்வாகக் கிடைக்கிறது. அப்படியொரு மாலையில், பதிவுசெய்த பின்னணி இசைக்கு எல்லோரும் பாடக்கூடிய கரோக்கி நிகழ்ச்சி நடத்த இளைஞர்கள் முடிவுசெய்து, தொகுத்து நடத்தும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஸ்மூல் செயலியில் நாள்தோறும் பாடுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்; மைக்கைக் கையில் பிடித்தேயிராத முதியவர்களும், கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் மனநிறைவோடு வீடு திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம். மேடையைக் கடற்கரையில் போடுவதா, சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்வதா என்பதையும், தொகுப்பாளர் உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – மண்டபத்தில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருப்பவர்

தம்பி, கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்தின் பிற்பகுதியில் கச்சான் காற்று வலுத்துவிடும். மைக்கின் தலையில் பஞ்சு உறை போட்டாலும் காற்றின் இரைச்சல் பாடுபவரின் குரலோடு சேர்ந்தே வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; மற்ற நேரத்திலும் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். கூடத்தில் நடத்தினாலும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, 10 மணிக்குள் முடித்துக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் மரியாதை.

கருவிகளில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். பாட்டையும் குரலையும் புளூடூத் வழியாக அனுப்பாதீர்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் ஏற்பட்டாலே பாடுபவரின் தாளம் தடுமாறும் என்பதால், கம்பி வழியாகவே ஒலிகளைச் சேர்க்கும் மிக்சர் கருவிக்குக் கொண்டுவாருங்கள். ஒலிப்பெட்டிகளை மைக்குக்கு முன்பக்கமாக, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் கீச்சென்று ஊளையிடும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். மூன்றாவதாக, பாடுபவரை நோக்கி ஒரு சிறிய ஒலிப்பெட்டி கட்டாயம் வேண்டும். செயலியில் காதொலிப்பானோடு பாடிப் பழகியவர்கள் மேடையில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காமல் கத்தத் தொடங்குவதற்கு அது இல்லாமைதான் காரணம்.

பதில் – கீழக்கரையிலிருந்து

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆயினும் நிகழ்ச்சி நன்றாக அமைவதும் கெடுவதும் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வாசலில் ஒருவரை உட்காரவைத்து, பெயர், பாட்டு, ஆண் குரலா பெண் குரலா இருவர் பாடலா என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள அனைவரும் ஒருமுறை பாடி முடிக்கும் வரை யாருக்கும் இரண்டாவது பாட்டு இல்லை என்பதையும், தாமதமாக வந்து பெயர் கொடுப்பவர்கூட இரண்டாவது பாட்டு கேட்பவருக்கு முன்பே பாடுவார் என்பதையும் தொடக்கத்திலேயே மைக்கில் அறிவித்துவிடுங்கள். முதலிலேயே எல்லோர் காதிலும் விழுந்த விதியாக இருந்தால், பின்னர் ஒருவருக்கு மறுக்கும்போது அது அவரை மட்டும் ஒதுக்கியதாகத் தோன்றாது.

நேரக் கணக்கையும் பாருங்கள். இடையிசையோடு கூடிய திரைப்பாடல் ஏறத்தாழ 5 நிமிடம் பிடிக்கும்; ஆள் மாறுவதற்கு 1 நிமிடம் சேர்த்தால் 2 மணி நேரத்தில் 20 பாடல்கள்தான் முடியும். பெயர்கள் அதற்கு மேல் போனால் பல்லவியும் ஒரு சரணமும் என்று எல்லோருக்கும் ஒரே அளவு வையுங்கள். ஊர்ப் பெரியவருக்கு மட்டும் முழுப்பாட்டு என்று தளர்த்தினால் அந்த நொடியே பட்டியல் மதிப்பிழந்துவிடும்.

மிகச் சிறந்த பாடகரை முதலில் ஏற்றாதீர்கள். அவருக்குப் பின் தயங்குகிறவர்கள் பெயரையே திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ஊரார் அன்பு வைத்திருக்கும், நடுத்தரமாகப் பாடக்கூடிய, கூச்சமில்லாத ஒருவர் தொடங்கட்டும். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரை மேடையருகே வரவழைத்துவிடுங்கள். பாடுபவர் வரியைத் தவறவிட்டால் அவர் மைக்கை வாங்காமல், உங்கள் கையிலுள்ள இரண்டாவது மைக்கில் அடுத்த வரியின் முதற்சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுங்கள். அவர் சேர்ந்துகொண்டதும் நீங்கள் விலகிவிட வேண்டும். மதிப்பெண்ணும் பரிசும் வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டு வந்தவரின் பெயரைப் பட்டியலின் கடைசிக்கு மாற்றி, அவருடைய உறவினர் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மைக்கில் எதுவும் பேசாதீர்கள். அருகில் பள்ளிவாசல் இருந்தால் மஃரிப் (அந்தித் தொழுகை), இஷா (இரவுத் தொழுகை) பாங்கு நேரங்களை முன்பே கேட்டு, அப்போது இடைவேளை விட்டுத் தேநீர் கொடுங்கள்.

பதில் – பாம்பனில் மெல்லிசைக் குழுவில் பாடுபவர்

சுருதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் பாடுபவரைக் காப்பாற்றுவது அதுதான். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம்; ஆண்களில் பலருக்கு 1 முதல் 2 கட்டையும் பெண்களில் பலருக்கு 5 கட்டையை ஒட்டியும் வசதியாக இருக்கும். திரைப்பாடல்களோ தேர்ந்த பாடகர்களின் குரலுக்கென்று அமைந்தவை. ஆகவே அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கும் வசதியுள்ள மென்பொருளை வைத்துக்கொண்டு, பெயர் கொடுக்கும்போதே ஒவ்வொருவரையும் சரணத்தின் உச்ச வரியை முணுமுணுக்கச் சொல்லி, பொருந்தும் சுருதியைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பல்லவியை வைத்து முடிவுசெய்தால் சரணத்தில் குரல் எட்டாமல் போகும். 2 கட்டைக்கு மேல் மாற்றினால் வாத்தியங்களின் ஒலி செயற்கையாகிவிடும். அப்போது வேறு பாட்டைப் பரிந்துரைப்பது நல்லது.

பாடுபவருக்கேற்ப இசையை அமைப்பது கரோக்கியின் தொடக்கக் கதைகளில் ஒன்றிலேயே இருக்கிறது. ஜப்பானின் கோபே நகரில் மதுக்கூடங்களில் பக்கவாத்தியம் வாசித்துவந்த டைசுகே இனோவே, தம்முடைய வாசிப்புக்கு மட்டுமே பாட வரும் என்று நம்பிய ஒரு வாடிக்கையாளரின் பயணத்துக்கு உடன் போக முடியாதபோது, அவருக்கேற்ற இசையை ஒலிநாடாவில் பதிவுசெய்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1971இல் அவருடைய கருவி பிறந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கூடத்திலேயே நடத்துகிறோம், பெயர்ப் பட்டியலுக்கும் ஆள் சொல்லிவிட்டேன். ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. திரையில் ஓடும் வரிகளை வாசிக்க இயலாத பாட்டிமார் சிலருக்குப் பாடல்கள் முழுவதும் மனப்பாடம்; அவர்களை எப்படிப் பாடவைப்பது?

பதில் – பாம்பனிலிருந்து

அவர்களைத் திரையைப் பார்த்து நிற்கவைக்காமல், நாற்காலி போட்டுக் கூட்டத்தைப் பார்த்து உட்காரவையுங்கள். இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் இடம்தான் அவர்களுக்குச் சிக்கலாக இருக்கும். பேத்தியோ மருமகளோ பக்கத்தில் நின்று தோளைத் தொட்டால் போதும், எடுத்துவிடுவார்கள். அம்பாப் பாட்டு தெரிந்தவர்கள் இருந்தால் பின்னணி இசை எதுவும் இல்லாமல் மைக்கை மட்டும் கொடுங்கள். வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் பாட்டு அது என்பதால், பின்பாட்டுக்கு நான்கைந்து பேரை முன்வரிசையில் அமர்த்தி, அவர்களுக்கென்று தனி மைக் ஒன்றையும் வைத்துவிடுங்கள்.