மழை விட்டாப் பிறகுதான் மலேரியா நுளம்பு கூடுமா? தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ

பேசாலைப்பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க மன்னார் தீவுப் பக்கம். போன கிழமை மலேரியா தடை இயக்க ஆக்கள் வந்து எங்கட கிணத்துக்குள்ள கயித்தில கட்டின வலையொண்டை இறக்கி, தண்ணிமட்டத்தில சுத்தி அரிச்சு எடுத்து, வெள்ளைத் தட்டொண்டில கொட்டி டோர்ச் அடிச்சுப் பார்த்தவை. மழை விட்டாப் பிறகு திரும்பவும் வருவம் எண்டு சொல்லிட்டுப் போட்டினம். எனக்கு விளங்காதது இதுதான், ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டேக்க வீட்டுக் காண் (கழிவுத்தண்ணி வாய்க்கால்) முழுக்கத் தண்ணி நிக்குது, பின்னேரம் கதவு திறக்கேலாத அளவுக்கு நுளம்பு. ஆனா அம்மம்மா சொல்லுவா அவவின்ர காலத்தில மலேரியா வாறது மார்கழிக் கடைசி, தை, மாசியிலதானாம், பொங்கலண்டு வீட்டில ஆராவது ஒராள் கம்பளி போத்தி நடுங்கிக்கொண்டு கிடப்பினமாம். நுளம்பு கூடின நேரம் ஒண்டு, காய்ச்சல் கூடின நேரம் வேறொண்டு, அது எப்பிடி? மற்றது 2016 இல இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லிப்போட்டுதுதானே, பிறகேன் இன்னும் கிணறு கிணறாப் பார்க்கினம்? கேக்கிற காரணம், அண்ணா உகண்டாவில வேலை செய்யிறார், மார்கழியில லீவில வாறார், வீட்டில கைக்குழந்தை இருக்கு.

செட்டிக்குளத்தான்:
அம்மம்மா சொன்னது சரி பிள்ளை. நான் முந்தி மலதியன் எண்ட நுளம்பு மருந்து அடிக்கிற குழுவில வேலை செய்தனான், எங்கட ஏரியாவில தை மாசம்தான் ரத்தம் எடுக்கிற கண்ணாடித் துண்டு போதாமப் போற மாசம்.

உங்கட வீட்டுக் காணில மொய்க்கிறது கியூலெக்ஸ், அழுக்குத் தண்ணி நுளம்பு, அது மலேரியா காவாது. மலேரியாவைக் காவுறது அனோபிலிஸ். அதிலயும் வன்னியில, அநுராதபுரம் பக்கமெல்லாம் பெரிய வில்லன் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் எண்டொரு இனம். அதுக்கு அழுக்கு பிடிக்காது, தெளிஞ்ச தண்ணி வேணும், வெயில் படவேணும், ஓடாம நிக்கவேணும். அருவியாறு கார்த்திகையில கரைபுரண்டு ஓடேக்க அதுக்கு அங்க இடமில்லை, முட்டை புழு எல்லாத்தையும் வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிடும். மழை விட்டு ஆறு வத்தத் தொடங்கினாத்தான் மணலுக்குள்ளயும் பாறை இடுக்கிலயும் குட்டை குட்டையாத் தண்ணி தேங்கும், அடி தெரியிற மாதிரித் தெளிஞ்சிருக்கும், பாத்தா குடிக்கலாம் போல இருக்கும். அதுக்குள்ளதான் புழு. குனிஞ்சு கண்ணை வச்சுப் பாத்தா அனோபிலிஸ் புழு தண்ணிமட்டத்தோட ஒட்டிப் படுக்கையாக் கிடக்கும், கியூலெக்ஸ் புழு வால் மேல தலை கீழயாச் சரிஞ்சு தொங்கும். எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்தது அதுதான். நிழல் விழுந்தா உடனே கீழ இறங்கிடும், அதால அகப்பையை மெதுவா, சூரியனுக்கு முகம் குடுத்துக்கொண்டு வைக்கவேணும்.

இனிக் கணக்குப் பாருங்கோ. முட்டை நுளம்பாக எங்கட சூட்டுக்கு ஒரு கிழமை பத்து நாள். அந்த நுளம்பு காய்ச்சல்காரன் ஒராளைக் கடிச்சு, கிருமி அதின்ர வயித்தில வளந்து எச்சில் சுரப்பிக்கு வர இன்னும் 10 இலிருந்து 14 நாள் வேணும். அதுக்குப் பிறகு அது ஆரையாவது கடிச்சா அவருக்குக் காய்ச்சல் காய இன்னும் ஒண்டு ரெண்டு கிழமை. எல்லாத்தையும் கூட்டினா மழை விட்ட மாசத்துக்கும் காய்ச்சல் மாசத்துக்கும் நடுவில ஏறத்தாழ ஒரு மாசம் வந்திடும். இன்னொண்டு, கிருமி முத்துற வரைக்கும் அந்த நுளம்பு உயிரோட இருக்கவேணும். காத்தில ஈரம் இருக்கிற மார்கழி தையில அது கூட நாள் தாங்கும், ஆடி ஆவணிச் சோளகக் காத்தில காஞ்சு சீக்கிரம் செத்திடும். நுளம்பு எத்தினை எண்டதை விட எத்தினை நாள் உயிரோட இருக்கு எண்டதுதான் மலேரியாவில பெரிய விசயம்.

அநுராதபுரத்தில ஹுருலுவெவக் குளத்துப் பக்கம் யான் ஓயா ஆத்தில இதையே நல்லா ஆராய்ஞ்சு பாத்தவை. மேல இருந்து தண்ணி திறந்து விடுறது குறைஞ்ச நேரம் ஆத்தில குட்டை விழுது, நுளம்பு கூடுது, கொஞ்சம் தண்ணியை விட்டு மட்டத்தை ஏத்தி வச்சா குறையுது. மருந்தே அடிக்காம மதகை வச்சே பாதி வேலையை முடிக்கலாம்.

களனிக்கரை:
நான் யட்டியாந்தோட்டை பக்கம், எங்க ஊர்ல கதையே தலைகீழுங்க. இங்க வருசம் பூரா மழை, களனி கங்கை எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால மலேரியா கொசுவுக்கு எடம் கிடையாது. மழை பொய்ச்சா தான் எங்களுக்கு ஆபத்து. 1934ல தென்மேற்குப் பருவமழை சரியா பெய்யாம களனி, மஹா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் வத்திப்போயி ஆத்துக்குள்ள குட்டை குட்டையா நின்னுச்சு, செட்டிக்குளத்தார் சொன்ன அதே குலிசிபேசிஸ் அதுல பெருகி, 34 கடைசியில இருந்து 35 நடுப்பகுதிக்குள்ள சுமார் 80,000 பேர் செத்துப்போனாங்க. கேகாலை, குருநாகல் பக்கம் தான் ரொம்ப மோசம். எப்பவும் மலேரியா வர்ற வறண்ட பக்கத்து சனங்க உடம்புல கொஞ்சமாவது எதிர்ப்பு இருந்துச்சு, எங்க பக்கத்து சனங்களுக்கு அதுவும் இல்ல, மழை இல்லாம வெள்ளாமையும் போயி வயித்துக்கும் இல்லாம கெடந்த நேரத்துல காய்ச்சல் வந்தா எப்படிங்க தாங்கும். என்.எம். பெரேரா மாதிரி இடதுசாரி ஆளுங்க கேகாலைப் பக்கம் ஊர் ஊரா மருந்தும் சாப்பாடும் கொண்டுபோயி குடுத்தாங்க, 35 கடைசியில அவங்கல்லாம் சேர்ந்து தான் சமசமாஜக் கட்சிய ஆரம்பிச்சாங்க.

அதனால மழைக்காலம் வந்தா மலேரியா வரும்னு ஒரே வரியில யாராவது சொன்னா எனக்குக் கோவமே வரும். எந்த ஊரு, எந்த ஆறு, தண்ணி ஓடுதா நிக்குதான்னு கேக்காம சொல்லவே கூடாது.

பேசாலைப்பிள்ளை:
ரெண்டு பேருக்கும் நன்றி, இப்பதான் விளங்குது. ஆனா எங்கட தீவில ஆறே இல்லையே, கிணறும் தாங்கியும்தான். அப்ப ஏன் இங்க இவ்வளவு கவனமா வந்து பார்க்கினம்?

அடையாறு வாசகி:
இதுக்கு நான் சொல்றேன்பா, நாங்க சென்னையில காலங்காலமா பாக்குற கொசு அது, அனோபிலிஸ் ஸ்டெபன்சி. ஆறு குளம் எதுவும் வேணாம் அதுக்கு, ஓவர்ஹெட் டேங்க், சம்ப், கிணறு, கட்டடம் கட்டுற எடத்துல செங்கல் நனைக்க கட்டி வைக்கிற தொட்டி, இது போதும். 2016 டிசம்பர்ல உங்க மன்னார்ல தான் இலங்கையிலயே மொத மொதலா அதைக் கண்டுபிடிச்சாங்க, அதுவும் கிணத்துல. அதான் வந்து வந்து பாக்குறாங்க.

இதுல பயமான விஷயம் என்னன்னா, குலிசிபேசிஸுக்கு மழை, ஆறு வத்துறதுன்னு ஒரு கணக்கு இருக்கு, எந்த மாசம் உஷாரா இருக்கணும்னு சொல்லிடலாம். ஸ்டெபன்சிக்கு மனுஷன் தண்ணி புடிச்சு வைக்கிறது தான் கணக்கு. மழை இல்லாத மாசத்துல தான் நாம இன்னும் அதிகமா புடிச்சு வைப்போம், மூடி உடைஞ்ச டேங்க்க அப்படியே விட்டுடுவோம், அப்போ சித்திரை வெயில்லயும் அதுக்கு தண்ணி கிடைச்சிடுது. எத்தியோப்பியாவுல டிரே டாவா நகரத்துல 2022 ஆரம்பத்துல மலேரியா கிளம்புனது வறண்ட மாசங்கள்ல தான், அங்க இருந்தது இந்தக் கொசு. பக்கத்து நாடு ஜிபூட்டி இன்னும் மோசம், 2012ல இந்தக் கொசு அங்க தென்பட்டப்போ வருஷத்துக்கு வெறும் 27 கேஸ், 2020ல 73,000ஐத் தாண்டிடுச்சு.

உங்களுக்கு எதிர்க்கரை ராமேஸ்வரத்துல இன்னொரு மாதிரி. சவுக்குக் கன்னுக்கு தண்ணி ஊத்த மணல்ல குழி தோண்டி வைப்பாங்க, ஊத்துத் தண்ணி தெளிவா நிக்கும், அதுல குலிசிபேசிஸ் புழு வைக்கும். ஆறே இல்லாத தீவுல ஆத்துக்குட்டைய நாமளே வெட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு.

லாப்_அக்கா:
தங்கச்சி, ஒருத்தரும் அண்ணாவின்ர விசயத்துக்கு வரேல்லை, நான் சொல்லுறன். இலங்கையில உள்ளூர்த் தொற்று கடைசியாக் கண்டது 2012 ஒக்டோபரில. நுளம்பு போகேல்லை, கிருமி மட்டும்தான் போனது. கிருமி இப்ப பிளேனிலதான் வருது, ஒவ்வொரு வருசமும் வெளியில இருந்து வாற ஆக்களிட்ட கண்டுபிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறம். உங்கட அண்ணா வாற மார்கழி செட்டிக்குளத்தார் சொன்ன அதே நுளம்பு கூடுற சீசன், அதுதான் என்ர கவலை.

அங்க இருக்கேக்க தடுப்புக் குளிசை போடுறாரோ எண்டு இப்பவே கேளுங்கோ. போடுறார் எண்டா இங்க வந்தவுடன நிப்பாட்டக் கூடாது, டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடவேணும், சில குளிசை வந்தாப் பிறகும் 4 கிழமை போடவேணும். வந்த கையோட மலேரியா தடை இயக்க கிளினிக்குக்கு இல்லாட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய் மலேரியா பாக்க ரத்தம் குடுக்கச் சொல்லுங்கோ, அதுக்குக் காசு எடுக்கிறேல்லை. ஒருக்கா கிருமி இல்லை எண்டு வந்தாலும் பிறகு காய்ச்சல் வந்தா திரும்பவும் பாக்கவேணும். வைவாக்ஸ் எண்ட மலேரியாக் கிருமி வகை ஈரலுக்குள்ள ஒளிச்சிருந்து மாசக்கணக்குக்குப் பிறகும் வெளிக்கிடும், பல்சிபாரம் எண்ட மற்ற வகை எண்டா ரெண்டு மூண்டு நாளிலயே ஆளை விழுத்திப்போடும். ஆபிரிக்காவில அதிகமா இருக்கிறது பல்சிபாரம். டொக்டரிட்டப் போனா வாயைத் திறந்து முதல் சொல்லவேண்டியது "உகண்டாவில இருந்து வந்தனான்" எண்டு. அதைச் சொல்லாட்டி எல்லாரும் டெங்கு எண்டுதான் நினைப்பினம், மழைக்காலத்தில டெங்கு டெஸ்டுக்குத்தான் முதல்ல எழுதுவினம், அதுக்குள்ள ரெண்டு நாள் போயிடும்.

அவர் வந்து ரத்தம் பாக்கிற வரைக்கும் பொழுது படுறதில இருந்து விடியும் மட்டும் வலைக்குள்ள படுக்கட்டும், பிள்ளைக்கும் தனி வலை கட்டுங்கோ. கிணத்துக்கு நுளம்பு வலையால இறுக்கி மூடி போடுங்கோ, மூடேலாட்டி பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டா கப்பி மீன் கொண்டுவந்து விடுவினம், அது புழுவைத் தின்னும். தாங்கி மூடியில விரல் போற வெடிப்பு இருந்தாலும் நுளம்பு போகும், அண்ணா வர முதல் ஒருக்கா ஏறிப் பாத்திடுங்கோ.

பேசாலைப்பிள்ளை:
நன்றி அக்கா. அண்ணாவோட இப்பதான் வட்ஸப்பில கதைச்சனான், குளிசை போடுறேல்லையாம், அங்க எல்லாரும் அப்பிடித்தானாம். அங்கத்தைய கிளினிக்கில நாளைக்கே போய் கேக்கச் சொல்லிட்டன். தாங்கி மூடி ஒரு பக்கம் உடைஞ்சுதான் கிடக்கு, ஞாயிறு மேசன் வாறார்.