பழைய கப்பல் எஞ்சினுக்கு உதிரி பாகம்: மெரைன் ஆட்கள் யாராவது சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கடற்படையின் மீட்புக் கப்பல்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சேஃப்கார்ட், கிராஸ்ப், சால்வர், கிராப்பிள் என்று நான்கு. நான்கும் 1985, 86இல் பணிக்கு வந்தவை. 1996இல் டிடபிள்யூஏ 800 விமானம் கடலில் விழுந்தபோது சிதைவுகளை எடுக்கப் போனவை கிராஸ்பும் கிராப்பிளும்தான். அந்தக் கதையெல்லாம் எழுதி முடித்தாயிற்று. சிக்கல் எஞ்சின் அறையில்.

ஒவ்வொன்றிலும் கேட்டர்பில்லர் 399 டீசல் எஞ்சின் நான்கு. இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுழற்றும். பதினாறு சிலிண்டர், வி வடிவம். இதன் இடத்தை அதே கம்பெனியின் 3500 வரிசை எஞ்சின்கள் பிடித்து எவ்வளவோ காலமாகிறது. ஆனால் தரைதட்டிய கப்பலை இழுக்கிற கப்பலுக்கு எஞ்சின் நடுவில் மூச்சை நிறுத்தினால் கதை கந்தல்!

இந்த எஞ்சினோடு இழுவைக் கப்பலிலோ ஜெனரேட்டரிலோ மல்லுக்கட்டிய அண்ணன்மார் யாராவது இருக்கிறீர்களா? லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), பிஸ்டன் ரிங் இன்னும் புதிதாகக் கிடைக்கிறதா, இல்லை ஓய்வுபெற்ற கப்பலிலிருந்து கழற்றுவதுதானா? விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட்டை வெல்டு வைத்து மறுபடி போட்டால் கிளாஸ் சர்வேயர் (கப்பலைப் பரிசோதித்துத் தகுதிச் சான்று தருபவர்) ஒப்புக்கொள்வாரா? அப்புறம், கம்பெனி முத்திரை இல்லாத பாகங்களை நீங்கள் நம்பிப் போடுவீர்களா?

பாகத்தின் படம் இருந்தால் ரொம்ப நல்லது. விற்பனைப் பட்டியல் லிங்க் வேண்டாம், கைப்பட்ட அனுபவம்தான் வேண்டும்.