ஜெர்மனியில் எந்த ஊர்? தேடிக் கண்டுபிடித்தவர்களின் அனுபவங்கள்

மில்வாக்கியிலிருந்து:

என் கணவர் விஸ்கான்சின்காரர். தன் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியில் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. அந்தத் தேடல் எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்தது. இதில் இறங்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். ஊர்ப் பெயர் கையில் இல்லாமல் ஜெர்மனி ஆவணங்களைத் தொடாதீர்கள். அங்கே ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அந்தந்தத் தேவாலயத்துப் பதிவேட்டில்தான் இருக்கும். எந்த ஊர்த் தேவாலயம் என்று தெரிந்தால்தான் கதவே திறக்கும். அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் கிடைக்கிறது.

ஆனால் அமெரிக்காவிலும் எல்லோரும் முதலில் போய்ப் பார்க்கிற இடத்தில் அது இருக்காது. 1870 மக்கள்தொகைக் கணக்கில் தாத்தாவின் பிறப்பிடம் 'பிரஷ்யா', அவ்வளவுதான். பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசு ரைன் நதி தாண்டி மேற்கே தொடங்கி, கிழக்கே இன்றைய லிதுவேனியா வரை நீண்டு கிடந்தது! 1900 கணக்கில் அவர் வந்த ஆண்டு 1868 என்று கிடைத்தது. 1890 கணக்கு 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பலமாகச் சேதமாகி, பிறகு ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோனது. குடியுரிமைப் பத்திரத்தில் பிரஷ்ய மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஊர் இல்லை. 1906-க்கு முந்தைய பத்திரங்கள் பெரும்பாலும் இப்படித்தான். கப்பலேறியதோ பிரேமன் துறைமுகத்தில். அங்கே பழைய பயணிகள் பட்டியல்களை, வைக்க இடமில்லை என்று அதிகாரிகளே அழித்தார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது.

வழி திறந்தது விஸ்கான்சினின் டாட்ஜ் கவுன்ட்டியில் ஒரு லூத்தரன் தேவாலயத்தில். அலுவலகத்தில் இருந்த அம்மா அடக்கப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். பெயர்களை மட்டும் போதகர் நாம் படிக்கிற எழுத்தில் எழுதியிருந்தார். மற்றதெல்லாம் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் 'இ'யும் (e) 'என்'னும் (n) ஒரே மாதிரி இரண்டு சாய்கோடுகள். 'யு'வுக்கு (u) மேலே மட்டும் சின்னதாக ஒரு வளைவு போட்டு வேறுபடுத்துவார்கள். முன்கூட்டியே அந்த எழுத்துகளை எழுதி எழுதிப் பழகியிருந்தது அன்று கைகொடுத்தது. பிறந்த தேதி, பிறகு ஒரு ஊர்ப் பெயர், பொமரேனியா என்ற பிரஷ்ய மாகாணம். படித்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் நம்மூர்ப் புதூர் மாதிரி, பொமரேனியாவில் பல இடங்களில் இருக்கிற பெயர் அது. 1912-இல் வந்த மேயர்ஸ் ஊர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு ஊரும் எந்த வட்டம், அங்கே தேவாலயம் இருந்ததா, எந்தப் பதிவு அலுவலகத்தின் கீழ் வந்தது என்று பார்க்கலாம். அதில் தேடினால் அதே பெயரில் வரிசையாக ஊர்கள். எது நம்முடையது?

அப்போதுதான் ஞானப்பெற்றோரை, அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்களை, பார்க்கத் தோன்றியது. தாத்தாவின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவுகளில் ஒரு தம்பதியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அறிமுகமில்லாத ஆளை யாரும் ஞானத்தகப்பனாகக் கூப்பிட மாட்டார்கள் இல்லையா? அந்த மனிதர் 1873-இல் ஹாம்பர்க் வழியாக வந்தவர். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை இருக்கின்றன, அதில் ஊரும் எழுதியிருப்பார்கள். நேரே அமெரிக்கா போன கப்பல்களின் பட்டியலில் ஆள் இல்லை. இங்கிலாந்துக்குப் போய் லிவர்பூலில் கப்பல் மாறியவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அங்கே இருந்தார். அதே ஊர்ப் பெயர், பக்கத்தில் ரேகன்வால்ட வட்டம். லாபெஸ் பட்டணத்துக்கு அருகில் ஒரு கிராமம். லாபெஸ் இன்று போலந்தில் வோபெஸ்.

கடைசியில் இன்னொரு தடை. அந்தத் தேவாலயத்தின் பழைய பதிவேடுகள் 1945-க்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் தாத்தாவின் அம்மா ஊரிலேயே இருந்துவிட்டவர். பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதல் பிறப்பு, இறப்பை அரசே பதிவுசெய்யத் தொடங்கியது. அவர் அதற்குப் பிறகு இறந்திருந்தால்? போலந்து அரசு ஆவணக்காப்பகங்களின் இணையதளத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 1881-இல் இருந்தார். கூலித் தொழிலாளியின் விதவை என்று எழுதி, அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் கொடுத்திருந்தார்கள். விஸ்கான்சினில் தாத்தாவின் கல்யாணப் பதிவில் அம்மாவின் பெயராக இருந்ததும் அதேதான். மரணத்தைத் தெரிவிக்க வந்தவர் இன்னொரு மகன். அவருக்கு எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் மூன்று சிலுவைக் குறிகள். மாமியார் குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் போன தம்பி!

டோர்ட்முண்டிலிருந்து:

அக்கா, வாசிக்க உண்மையில் சந்தோசமாக இருக்கு. நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து கன காலம். என்னோடு வேலை செய்கிறவரின் அமெரிக்கச் சொந்தக்காரர் சின்சினாட்டியில் இருந்து கேட்டு எழுதியிருந்தார். ஊர் தெரியும், ஆனால் அந்தக் குடும்பப் பெயரில் ஞானஸ்நானமே இல்லை என்றார். வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு வழக்கம் இருந்தது. பண்ணைக்கு உரித்தான பெண்ணைக் கட்டினால், மாப்பிள்ளை பண்ணையின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொள்வார். பதிவேடுகளில் இரண்டு பெயருக்கும் நடுவில் 'கெனான்ட்', அதாவது 'என்று அழைக்கப்பட்ட', என்று எழுதியிருப்பார்கள். கல்யாணப் பதிவைப் பார்த்தோம், பழைய பெயரும் பண்ணைப் பெயரும் சேர்ந்தே இருந்தன. பழைய பெயரில் தேடினதும் ஞானஸ்நானம் வந்துவிட்டது. கத்தோலிக்கர் என்றால் மாட்ரிகுலா இணையதளத்தைப் பாருங்கோ. மூன்ஸ்டர் மறைமாவட்டப் பதிவேடுகள் காசில்லாமல் பார்க்கலாம். லத்தீன்தான், ஆனால் திரும்பத் திரும்ப அதே சொற்கள், கெதியில் பிடிபடும்.

செயின்ட் லூயிஸிலிருந்து:

நான் பார்த்தது என் தோழி குடும்பத்துக்காக. அவர்கள் முன்னோர் தென்மேற்கு ஜெர்மனியின் பாடனிலிருந்து வந்து அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர். அவர் இறந்தபின் மனைவி ஓய்வூதியம் கேட்டிருக்கிறார். கல்யாணம் ஆனதை நிரூபிக்க வேண்டுமே! ஜெர்மனியில் கல்யாணம் நடந்த ஊரின் பாதிரியார் எழுதித் தந்த சான்று, முத்திரையோடு, வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்துக் கோப்பிலேயே இருந்தது. உங்கள் ஆள் போர்வீரராக இருந்தால் விதவையின் விண்ணப்பத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், மில்வாக்கி தோழிக்கு ஒரு கேள்வி: அந்தத் தம்பியின் வாரிசுகளைத் தேட ஆரம்பித்துவிட்டீர்களா?