பெரியார் பல்கலைக்கழகத்தில் உங்களால் மறக்க முடியாத ஒரு சந்திப்பு

ஓமலூரான்:
தேர்வுப் பிரிவு கவுன்டர் வரிசை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், அரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். மஞ்சள் பையிலிருந்து பட்டச் சான்றிதழை எடுத்து விரித்தார். ஓரமெல்லாம் கரையான் அரித்து, நடுவில் அவர் பெயர் மட்டும் முழுசாக இருந்தது. எழுபதுகளில் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருக்கிறார். நகல் வேண்டுமாம். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: “ஐயா, இந்தப் பல்கலைக்கழகமே 1997-லதான் வந்துச்சு. உங்க பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம் குடுத்தது. நீங்க சேப்பாக்கம் போகணும்.” அவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, படிச்சது சேலத்துல, யுனிவர்சிட்டியும் சேலத்துல. காகிதம் மட்டும் மெட்ராஸ்லயா?” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

நாமக்கல் தம்பி:
எங்கள் மாமாவும் அப்படித்தான் சேப்பாக்கம் போனார். 95-ல் ராசிபுரத்தில் முடித்தவர். இனி யாரும் அலையக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கிளம்பும் முன் சான்றிதழின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள். பி.இ. முடித்தவர்கள் ரொம்பக் கவனமாக இருக்கணும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது. முதலில் சென்னை, அப்புறம் பெரியார், இப்போது அண்ணா பல்கலைக்கழகம். சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியல், டி.சி. நகல்கள் கையில் இருக்கட்டும். பதிவு எண்ணை வீட்டில் யாராவது ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அம்மாபேட்டை வாசி:
என்னுடையது வேறு. செப்டம்பர் 17, பெரியார் பிறந்தநாள். பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே தேதியில்தான். 2021-லிருந்து அன்று சமூக நீதி நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். “பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்” என்று தொடங்கியதும், ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேராசிரியர்களோடு சேர்ந்து கையை நீட்டினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கடைசி வரி வரை வாய்விட்டுச் சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டை:
வருஷா வருஷம் நடக்கிற சடங்குதானே இது? ஈரோட்டில் பிறந்தவர் பெயரைச் சேலத்துப் பல்கலைக்கழகத்துக்கு வைத்ததே எனக்கு இன்னும் புரியவில்லை. ஓமலூரான், நீங்களும் 1997-க்கு முன்னால் சேலத்தில் படிப்பே இல்லாத மாதிரி எழுதாதீர்கள்.

ஓமலூரான்:
அந்தப் பெரியவர் படித்ததே சேலத்தில்தான் என்று எழுதியிருக்கிறேனே! பட்டம் கொடுக்கிற இடம் தூரமாக இருந்தது என்பதுதான் என் ஆதங்கம். அரூர்க்காரருக்குச் சேப்பாக்கம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

அம்மாபேட்டை வாசி:
செவ்வாய்ப்பேட்டை அண்ணே, பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது 1944-ல், நம்ம சேலத்து மாநாட்டில். அவருக்கும் இந்த ஊருக்கும் உறவே இல்லை என்பது போலப் பேசினால் எப்படி? சடங்கு என்கிறீர்கள். அந்த அக்காவுக்கு அது சடங்காகத் தெரியவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அடுத்த செப்டம்பர் 17 காலையில் கருப்பூரில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.