இந்த ஜக் செயின்ட் ஐவ்ஸ் பட்டறையுடையதா? அடி முத்திரை பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய பொருள் சந்தையில் சின்ன ஜக் ஒன்று வாங்கினேன், கையில் எடுத்ததிலிருந்து கீழே வைக்க மனம் வரவில்லை. கருப்புக்கும் பழுப்புக்கும் நடுவே டென்மோக்கு கிளேஸ் (இரும்பு கலந்த, கண்ணாடி போன்ற மேற்பூச்சு), விளிம்பில் மட்டும் மெலிந்து துரு நிறமாக மாறியிருக்கிறது. கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தில் குயவரின் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது, என் விரல் அதில் சரியாகப் பொருந்துகிறது.

அடிப்பக்கம் கிளேஸ் இல்லாத ஸ்டோன்வேர், அதாவது அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மண். கைப்பிடிக்குக் கீழே ஒரு வட்ட முத்திரை, பாதிக்கு மேல் கிளேஸ் வழிந்து மூடிவிட்டது. எஸ் எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிகிறது. 1920இல் ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாடாவும் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் தொடங்கிய பட்டறையின் முத்திரையில் எஸ், ஐ இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு புள்ளிகளோடு இருக்கும், அதனால்தான் இந்தச் சந்தேகம்.

பக்கத்தில் இன்னொரு சின்ன முத்திரையும் இருக்கிறது, படிக்க முடியவில்லை. அது செய்தவருடைய சொந்த அடையாளமா? கிளேஸ் மூடிய முத்திரையை எப்படி எடுத்துப் பார்ப்பது, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதுமா, இல்லை பென்சிலால் தேய்த்து எடுக்கலாமா? விற்கும் எண்ணம் இல்லை, யார் கை என்று தெரிந்தால் போதும். படங்கள் கீழே.