நார்மண்டியில் இறங்கிய வீரர்களைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். அங்கிருந்த ஒரு தாத்தா, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சை மீட்க 1944 ஜூன் 6 அன்று நடந்த படையெடுப்பில், நார்மண்டியின் ஸ்வோர்ட் என்று பெயரிட்ட கடற்கரையில் இறங்கியவர். அப்போது அவருக்கு 19 வயது.

அவருக்கு ஒரு பழக்கம். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது தடுமாறினால், ஏன், கையிலிருந்து ஸ்பூனை நழுவவிட்டால்கூட, பக்கத்தில் போய் நின்றுவிடுவார். குனிந்து எடுக்க அவரால் முடியாது. நடைச் சட்டத்தைப் பிடித்தபடி, யாராவது வரும்வரை அப்படியே நிற்பார். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போங்கள்" என்றால் நகரமாட்டார். பிடிவாதம் என்று நினைத்தேன். மாத்திரை கொடுக்கும் அவசரத்தில் ஒருநாள் கடிந்தும் பேசிவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அவராகவே பேசினார். படையெடுப்பு ஜூன் 5 அன்று நடக்க வேண்டியது. வானிலை சரியில்லை என்று ஒருநாள் தள்ளிப்போட்டார்கள். ஆட்களோ ஏற்கெனவே கப்பலில் அடைந்து கிடந்தார்கள். கடல் கொந்தளிப்பு. வாந்தி எடுக்கக் கொடுத்த காகிதப் பைகள் தீர்ந்துபோய்த் தலைக்கவசத்தில் எடுத்தார்களாம். கரையில் என்ன காத்திருந்தாலும் சரி, காலுக்கடியில் தரை இருந்தால் போதும் என்று ஆகிவிட்டதாம்.

அவர்களுக்கு இருந்த கண்டிப்பான கட்டளை, விழுந்தவனுக்காக நிற்கக் கூடாது என்பது. அடிபட்டவர்களை மருத்துவப் பிரிவு பார்த்துக்கொள்ளும். நீ நின்றால் பின்னால் வருகிறவர்களும் தேங்குவார்கள், இயந்திரத் துப்பாக்கிக்கு அத்தனை பேரும் இரையாவார்கள். சிறு வயதிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்த நண்பன் இவருக்கு இடப்பக்கம் விழுந்தான். விழுந்தவன் கை இவருடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. "ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு நடந்தேன்" என்றார். சொல்லும்போது தன் இடக்கை விரல்களை வலக்கையால் ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார்.

மறுநாள் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். அவர் போய் நின்றார். நானும் கூடப் போய் நின்றேன்.

* * *

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. நான் பாரிஸில் இருக்கிறேன். 2014-ல், 70-ஆம் ஆண்டு நினைவு நாளையொட்டி, கொல்வில் ஊரில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கடற்கரைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. 9,300-க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள்.

வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து தூரத்திலிருந்து தெரியாது. குடும்பத்தினரோ பழைய வீரர்களோ வந்தால், ஊழியர் ஒரு வாளியில் ஒமாஹா மணலைக் கொண்டுவந்து, ஈரமாக எழுத்துகளுக்குள் தேய்த்து, மேலே துடைத்துவிடுவார். பெயர் பொன்னிறத்தில் எழுந்து வரும். அன்று சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு முன்னாள் வீரர், தானே செய்கிறேன் என்று வாளியை மடியில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். அவசரமே படவில்லை.

அப்புறம் என்னிடம் பேசினார். "டாங்குகள் முன்னால் போகும் என்று சொல்லியிருந்தார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தோம், வரவே இல்லை." சுற்றிலும் கான்வாஸ் திரை கட்டி, கடலில் மிதந்து வரும்படி செய்த டாங்குகள் அவை. ஒரு படைப்பிரிவு கடலில் இறக்கிய 29-இல் 27 மூழ்கிவிட்டன. முதலில் இறங்கியவர்கள் மறைவே இல்லாத மணலில் மாட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "உள்ளே இருந்த பையன்கள்" என்று மட்டும் சொல்லிக் கடலைக் காட்டினார்.

* * *

நான் சந்தித்தவர் படைவீரர் இல்லை, எழுதலாம்தானே? நார்மண்டியில் உள்ள கான் நகரில் எனக்கு அடுத்த வீட்டு மூதாட்டி. ஜூன் 6 அன்றே அந்த நகரத்தின்மேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. ஊருக்கு வெளியே கல் வெட்டி எடுத்த சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் பதுங்கியிருந்தார்கள். சிறுமியாக இவரும் அங்கே இருந்திருக்கிறார். நார்மண்டியில் ஏறத்தாழ 20,000 பொதுமக்கள் இறந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. விடுவிக்க வந்தவர்களுக்குப் பூங்கொத்து கொடுத்ததும் உண்மை, வீட்டை இடித்ததும் அவர்கள்தான் என்றார். நானும் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்தவன். அவர் மேலே எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

* * *

மறுபடியும் நான்தான். தாத்தா பிறகு நார்மண்டிக்குப் போனாரா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். போகவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டும் மறுத்துவிட்டார். அவர் இறந்து சில வருடம் கழித்து நான் போனேன். அங்கே வெர்-சுர்-மெர் என்ற கடற்கரை ஊரில் 2021-ல் திறந்த பிரிட்டிஷ் நினைவிடம் இருக்கிறது. பிரிட்டிஷ் தலைமையின் கீழ் நார்மண்டிப் போரில் உயிரிழந்த 22,442 பேரின் பெயர்கள். அந்த நண்பரின் பெயர் எனக்குத் தெரியும். தேடிக் கண்டுபிடித்தேன். தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அன்று காற்று பலமாக அடித்தது. கூட வந்தவர்கள் காருக்குப் போய்விட்டார்கள். நான் அந்தப் பெயருக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.